சூடானுக்கு உதவி: லாரியா, விமானமா, பணமா, அண்டாச் சமையலா?

மதுரைப் பக்கம் ஒரு பள்ளி ஆசிரியர் எழுதியிருந்தார். அவருடைய முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் திரட்டி வைத்திருக்கிறார்கள். சூடானில் போரால் வீடிழந்தவர்களுக்குக் கொடுப்பது என்று முடிவாகிவிட்டது. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் குழுவுக்குள் மனத்தாங்கல். ஒருவர் அரிசி மூட்டையாகவே அனுப்பலாம் என்கிறாராம். இன்னொருவர் ஐ.நா. அமைப்புக்குக் கட்டிவிட்டு ரசீது வாங்கினால் போதும் என்கிறாராம். மூன்றாமவர், “விமானத்திலிருந்து போடுகிறார்களே, அதற்குக் கொடுக்க முடியாதா?” என்று கேட்கிறாராம்.

அதே வாரம் ரியாத்தில் எலக்ட்ரீசியனாக இருக்கும் தம்பி ஒருவர் கூப்பிட்டார். “அண்ணே, பக்கத்து ரூம்ல ஒரு சூடானி இருக்காரு. அவரு தங்கச்சி குடும்பம் தவிலாவுல மாட்டிக்கிட்டு இருக்கு. நேரா அவர் கையில கொடுத்துட்டா போதாதா? எதுக்கு ஊர் சுத்தணும்?”

இரண்டு பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத ஆரம்பித்து, நீண்டுகொண்டே போனதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நிலவரம். 2023 ஏப்ரல் 15 அன்று சூடான் ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணை ராணுவப் படைக்கும் தலைநகர் கார்ட்டூமில் சண்டை வெடித்தது. அப்போதிருந்து 1 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டு ஓடியிருக்கிறார்கள். சென்னையையும் அதன் புறநகர்களையும் ஒரு ஆள் விடாமல் காலி செய்தால் எத்தனை பேரோ, ஏறக்குறைய அத்தனை பேர். பெரும்பாலானோர் நாட்டுக்குள்ளேயே அலைகிறார்கள். மற்றவர்கள் சாட், எகிப்து, தெற்கு சூடான் என்று எல்லை தாண்டினார்கள். மேற்கே டார்ஃபூரில்தான் நிலைமை மிக மோசம். எல் ஃபாஷர் நகரத்தை ஒட்டிய ஸம்ஸம் முகாமில் பஞ்சம் என்று 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. அந்த முகாமையே 2025 ஏப்ரலில் ஆர்.எஸ்.எஃப். அடித்துப் பிடித்தது. அங்கிருந்து தப்பியவர்களில் பெரும்பகுதியினர் போய்ச் சேர்ந்த இடம்தான், தம்பி சொன்ன தவிலா. எல் ஃபாஷர் ஒன்றரை வருட முற்றுகைக்குப் பிறகு 2025 அக்டோபர் 26 அன்று வீழ்ந்தது.

## எதை வைத்து எடை போடுவது

நான் ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்.

பாதை யார் கையில் இருக்கிறது? இதற்கு விடை தெரியாமல் மற்ற எதைப் பேசியும் பலனில்லை.

அந்த ஊரில் சந்தை உயிரோடு இருக்கிறதா? கடையில் சோளம் இருந்து, வாங்கக் காசில்லாமல் பட்டினி கிடப்பது ஒரு வகை. கையில் காசிருந்தும் கடையில் ஒன்றுமில்லாதது வேறு வகை. இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல.

நூறு ரூபாய் கொடுத்தால் தட்டுக்குப் போவது எவ்வளவு?

வாங்க வருகிறவருக்கு அதனால் ஆபத்து உண்டா? போர்க்களத்தில் வரிசையில் நிற்பதே உயிருக்கு உலை வைக்கும்.

அடுத்த மாதமும் வருமா?

மூட்டை கட்டி அனுப்பும் யோசனையை இங்கேயே ஓரம்கட்டிவிடுகிறேன். 2005 ஜனவரியில், சுனாமிக்குப் பிறகு, நாகப்பட்டினத்தில் துணி பிரிக்கும் வேலையில் பத்து நாள் இருந்தேன். வந்திறங்கிய பழைய துணி தெருவோரத்தில் மலையாகக் குவிந்து, மழையில் நனைந்து நாறியது. மீனவர் குப்பத்துக்கு வந்த மூட்டையைப் பிரித்தால் கம்பளி ஸ்வெட்டர், ஜரிகை போன பட்டுப்புடவை, ஒற்றைக் கால் ஷூ. அதைப் பிரிக்கவும் அப்புறப்படுத்தவும் ஆள்கூலி கொடுத்தோம். ஊருக்குள்ளேயே, சண்டையே இல்லாத இடத்தில் அந்தக் கதி என்றால், கடல் தாண்டி, துறைமுகத்தில் அனுமதி வாங்கி, 1,800 கிலோமீட்டர் பாலைவழியில் போக வேண்டிய அரிசி மூட்டைக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அரிசி வேண்டாம்.

அவசரமாகப் படிப்பவர்களுக்கு ஒரு அட்டவணை. விளக்கம் கீழே.

| வழி | எங்கே எடுபடும் | வெளியே தெரியாத செலவு | எங்கே எடுபடாது |
|---|---|---|---|
| லாரித் தொடர் | சந்தை செத்த இடம், லட்சக்கணக்கில் மக்கள் | அனுமதிக்கான காத்திருப்பு, கொள்ளை, அரைவைக் கூலி, விறகு | முற்றுகைக்குள் |
| விமானத்திலிருந்து போடுவது | வழியே இல்லாத இடம், சில வாரங்களுக்கு | சாலைச் செலவைப் போல ஏழு மடங்கு வரை | கீழே பங்கிட ஆளில்லாத இடம், நெரிசலான ஊர் |
| பணம் | கடை திறந்திருக்கும் ஊர், எல்லை தாண்டிய அகதிகள் | ரொக்கமாக்கும் கமிஷன், நெட்வொர்க் | பொருள் வராத ஊர் |
| தெருச் சமையலறை | முற்றுகை, அடிக்கடி கைமாறும் நகரம் | தன்னார்வலர் உயிருக்கு ஆபத்து, நிச்சயமில்லாத வரவு | உள்ளூரில் தானியமே தீர்ந்த பிறகு |

## லாரி

கணக்கு லாரிக்குத்தான் சாதகம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,100 கலோரி என்பது நிவாரண வேலையில் பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவு. தானியம், பருப்பு, எண்ணெய் எல்லாம் சேர்த்து அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். கணக்கு எளிதாக இருக்க அரைக் கிலோ என்றே வைத்தால் மாதத்துக்கு 15 கிலோ. 30 டன் ஏற்றும் லாரி ஒன்று 2,000 பேருக்கு ஒரு மாதம் சோறு போடும். ஸம்ஸம் முகாமில் சுமார் 5 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு மாதம் 250 லாரி வேண்டும். ஒரு நாளைக்கு எட்டோ ஒன்பதோ. சாதாரண நாளில் எந்த ஊர்க் காய்கறி மார்க்கெட்டிலும் காலை ஐந்து மணிக்கு இதைவிட அதிகம் நிற்கும்.

ஆனால் அந்த எட்டு லாரியைக் கடக்க விடுவது யார்? சாட் நாட்டிலிருந்து டார்ஃபூருக்குள் நுழைய அத்ரே என்ற எல்லை ஊர்தான் கிட்டத்து வழி. ஆர்.எஸ்.எஃப்.புக்கு ஆயுதம் அந்த வழியாக வருகிறது என்று சொல்லி, ராணுவத் தரப்பு அரசு 2024 பிப்ரவரியில் அதை நிவாரண லாரிகளுக்கு மூடியது. மக்கள் கழுதை வண்டியில் கடந்துகொண்டுதான் இருந்தார்கள்; ஐ.நா. லாரிக்கு மட்டும் தடை. மாற்றாகக் கொடுத்த தீனே என்ற வழி வெகு தூரம் வடக்கே. மழைக்காலம் வந்ததும் காட்டாறுகள் பெருகி அதுவும் போச்சு. ஆகஸ்டில், பஞ்சம் அறிவித்த பிறகுதான், அத்ரே மறுபடி திறந்தது. அந்த ஆறு மாதத்தில் லாரியும் இருந்தது, தானியமும் இருந்தது.

அனுமதி ஒரு இடத்தில் வாங்கினால் போதாது. ராணுவப் பகுதிக்கு அரசின் மனிதாபிமான உதவி ஆணையம் முத்திரை குத்த வேண்டும். ஆர்.எஸ்.எஃப். பகுதிக்கு அவர்கள் தனியாக ஒரு நிவாரண ஏஜென்சி வைத்திருக்கிறார்கள். நடுவில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் ஒரு பேச்சு. அதையும் தாண்டிப் போனால்? 2025 ஜூன் தொடக்கத்தில் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டமும் யுனிசெஃபும் சேர்ந்து அனுப்பிய 15 லாரிகள் போர்ட் சூடானிலிருந்து 1,800 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, எல் ஃபாஷருக்குக் கொஞ்ச தூரம் முன்னால் அல் கோமாவில் அனுமதிக்காகக் காத்து நின்றன. அங்கே இரவில் தாக்கப்பட்டன. ஐந்து பேர் செத்தார்கள். லாரிகள் எரிந்தன. கிடங்கில் வைத்தாலும் பாதுகாப்பில்லை. 2023 டிசம்பரில் வாத் மதனி பக்கம் உலக உணவுத் திட்டத்தின் கிடங்கு சூறையாடப்பட்டபோது, சுமார் 15 லட்சம் பேருக்கு ஒரு மாதம் வரக்கூடிய உணவு போனது.

ஈழத்து வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்களை வன்னியை விட்டு வெளியேறச் சொன்னார்கள். அதன்பின் லாரித் தொடர்கள் மட்டும் அனுமதியோடு போய் வந்தன. 2009 ஜனவரியில் போன பதினோராவது தொடரோடு அதுவும் நின்றது. பிறகு செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல்தான். புதுமாத்தளன் கரையிலிருந்து காயப்பட்டவர்களும் உடன் சென்றவர்களுமாக 13 ஆயிரம் பேருக்கு மேல் அதில் ஏறிப் போனார்கள். கரைக்குப் பெரிய கப்பல் வர முடியாது; சின்னப் படகில் ஏற்றி, நடுக்கடலில் மாற்றி. சாலை மூடியதும் கடல் கை கொடுத்தது. அதுவும் கடலைக் காவல் காத்தவர்கள் விட்ட அளவுக்கு மட்டும்.

லாரிக்கு இன்னொரு செலவும் உண்டு. அறிக்கைகளில் அது ஒரு வரிகூட வராது, முகாமில் இருப்பவர்களைக் கேட்டால் முதலில் அதைத்தான் சொல்வார்கள். கொடுப்பது முழுச் சோளம். அதை அப்படியே தின்ன முடியுமா? மாவாக்க வேண்டும். மில்லில் கூலி கேட்பார்கள். கையில் காசு கிடையாது. அதனால் வாங்கிய சோளத்தில் ஒரு பங்கை விற்று, அந்தக் காசில் மீதியை அரைத்து வருவார்கள். பிறகு விறகு. டார்ஃபூரில் விறகு பொறுக்க முகாமை விட்டு வெளியே போன பெண்கள் மீது நடந்த வன்முறை, இந்தப் போருக்கு இருபது வருடம் முன்னாலிருந்தே பதிவாகி வரும் கதை. 15 கிலோ கொடுத்தோம் என்று ரசீதில் இருக்கும். அடுப்பில் ஏறியது எவ்வளவு, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பது ரசீதில் இருக்காது.

இத்தனை குறை சொன்னாலும், லட்சம் பேருக்கு மாதக்கணக்கில் சோறு போட லாரியை விட்டால் வேறு வழி இல்லை. சாட் பக்கத்து அகதி முகாம்களுக்கும், அத்ரே வழியாக மேற்கு டார்ஃபூருக்கும் பெரிய அமைப்புகளின் லாரிதான் முதுகெலும்பு.

## விமானம்

தொலைக்காட்சியில் பார்க்க நன்றாக இருக்கும். அதனால்தான் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது.

தெற்கு சூடானில் உலக உணவுத் திட்டம் இதை வருடக்கணக்காகச் செய்கிறது. இல்யூஷின்-76 சரக்கு விமானம் தாழப் பறந்து, பல அடுக்குச் சாக்கில் கட்டிய தானிய மூட்டைகளைப் பாராசூட் இல்லாமலே கொட்டும். வெளிச்சாக்கு கிழிந்தாலும் உள்சாக்கு தாங்கும். கீழே ஆட்கள் முன்கூட்டியே போய், மைதானத்தில் குறி போட்டு, மாடு மனிதர் நுழையாமல் பார்த்து, பிறகு பெயர் கூப்பிட்டுப் பங்கிடுவார்கள். சதுப்பு நிலம், மழையில் சாலையே இருக்காது. அங்கே இது சரி. ஆனாலும் சாலையை விட ஏழு மடங்கு வரை செலவு.

சண்டை நடக்கும் இடத்தில் கதை வேறு. சிரியாவில் டெய்ர் எஸ்ஸோர் நகரம் முற்றுகையில் இருந்தபோது, 2016 பிப்ரவரியில் முதல் முயற்சியாக 21 டன் போட்டார்கள். நான்கு பொதி சேதம், ஏழு பொதி இரு தரப்புக்கும் நடுவே யாரும் போக முடியாத நிலத்தில், பத்து பொதி போன இடம் தெரியவில்லை. சுட்டுவிடுவார்கள் என்று மிக உயரத்திலிருந்து போட்டதால் வந்த வினை. பாராசூட்டையும் முறையையும் மாற்றி, ஏப்ரலில் மறுபடி தொடங்கி, முந்நூறு தடவைக்கு மேல் போட்டு, 2017இல் சாலை திறக்கும் வரை அந்த ஊரை உயிரோடு வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கீழே ஒழுங்காகப் பொறுக்கிப் பங்கிட ஆள் இருந்தது. காசாவில் அது இல்லை. 2024 மார்ச் 8 அன்று பாராசூட் விரியாமல் பொதி விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதே மாதக் கடைசியில் கடலில் விழுந்த பொதியை எடுக்கப் போய் மூழ்கியவர்கள் பன்னிரண்டு பேர். அமெரிக்கா அங்கே கட்டிய மிதவைத் துறைமுகத்துக்கு 23 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அலை அடித்து உடைந்து, சரிசெய்து, மொத்தம் இருபது நாள் போல வேலை செய்தது. சில கிலோமீட்டர் தள்ளி சாலை இருந்தது.

சூடானுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஸம்ஸம் அளவுக்கு மாதம் 7,500 டன் வேண்டும். ஒரு இல்யூஷின் 35 டன் எடுக்கும் என்று வைத்தாலும் தினம் ஏழு தடவை பறக்க வேண்டும். வானம் காலியாகவும் இல்லை. 2024 அக்டோபரில் வடக்கு டார்ஃபூரில் அதே ரக சரக்கு விமானம் ஒன்றை ஆர்.எஸ்.எஃப். சுட்டு வீழ்த்தியது. மதுரைக் குழுவின் பணம் இதில் எரிபொருள் வாசனைகூட காட்டாது. விட்டுவிடுங்கள்.

## பணம்

“காசைக் கையில கொடுத்தா செலவழிச்சுருவாங்க” என்று நம்மூரில் ஒரு பேச்சு உண்டு. செலவழிக்கத்தானே கொடுக்கிறோம்?

துருக்கியில் சிரிய அகதிகளுக்கு 2016 கடைசியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் மாதாமாதம் அட்டையில் தொகை ஏற்றினார்கள். உச்சத்தில் 15 லட்சம் பேருக்கு மேல். வாடகைக்கு எடுத்துக்கொள், மருந்துக்கு எடுத்துக்கொள், உன் பாடு. லெபனான் மலைப் பகுதியில் 2013-14 குளிர்காலத்தில் கணப்புக்கு எரிபொருள் வாங்கச் சொல்லிப் பணம் கொடுத்தபோது, வாங்கியவர்கள் அதில் பெரும்பகுதியைச் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் செலவழித்தார்கள். குளிரை விடப் பசி பெரிதாக இருந்திருக்கிறது. நாம் போர்வை அனுப்பியிருந்தால் அது தெரியாமலே போயிருக்கும்.

சூடானுக்குள் பணம் போகும் வழி பெரும்பாலும் ‘பாங்கக்’ என்ற கைபேசிச் செயலி. கார்ட்டூம் வங்கியுடையது. போரில் வங்கிக் கிளைகள் நொறுங்கிய பிறகும் இது மட்டும் தாக்குப் பிடித்தது. வளைகுடாவில் இருக்கும் சூடானியர் அங்கிருந்து ஒரு தரகரிடம் ரியால் கொடுப்பார். ஊரில் தரகரின் ஆள் பாங்கக்கில் சூடான் பவுண்ட் ஏற்றுவார். நம் ஆட்களுக்கு, வங்கி இல்லாமல் ஆள் மூலம் பணம் அனுப்பும் உண்டியல் பழக்கம் உண்டு, புரியும். (சட்டப்படி அது எப்படி என்பதும் புரியும்.)

இதில் இரண்டு இடத்தில் கசிவு. ஒன்று, செயலியில் இருக்கும் எண் வேறு, கையில் வரும் நோட்டு வேறு. ரொக்கத் தட்டுப்பாடு உள்ள ஊர்களில், செயலியில் வாங்கிக்கொண்டு நோட்டாகக் கொடுக்கிறவர் கமிஷன் பிடிப்பார். நூற்றுக்கு இருபது, சில இடத்தில் அதற்கும் மேலே. இரண்டு, நெட்வொர்க். 2024 பிப்ரவரியில் நாட்டின் பெரும்பகுதியில் தொலைபேசி, இணையம் எல்லாம் அற்றுப்போனது. பிறகு ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணைய டிஷ் வைத்த டீக்கடைகளில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்துதான் அண்ணன் அனுப்பிய பணம் வந்ததா என்று பார்த்தார்கள்.

அப்புறம் பெரிய குறை: வெளிநாட்டில் சொந்தம் இருப்பவனுக்கு மட்டும் வரும். தங்கச்சிக்கு ரியாத்தில் அண்ணன் இருக்கிறார். பக்கத்துக் கூடாரத்துப் பெண்ணுக்கு யாரும் இல்லை.

தவிலாவில் சந்தை நடக்கிறது, விலை ஏறியிருந்தாலும் பொருள் கிடைக்கிறது என்றால் பணத்தை விடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. முற்றுகையில் இருந்த எல் ஃபாஷரில் கதை தலைகீழ். பொருள் வராத ஊருக்குப் பணம் மட்டும் போனால், இருக்கிற கொஞ்ச மூட்டைக்கு விலை ஏறும். அவ்வளவுதான்.

## தெருச் சமையலறை

இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாக எழுதப் போகிறேன். நம்மூரில் பேசப்படாதது இதுதான்.

2018-19இல் ஒமர் அல் பஷீரின் ஆட்சியைக் கவிழ்த்த போராட்டத்தில் ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு எதிர்ப்புக் குழு இருந்தது. போர் தொடங்கி, அரசும் அலுவலகமும் வெளிநாட்டு அமைப்புகளும் கார்ட்டூமை விட்டுக் கிளம்பியபோது, அந்த இளைஞர்கள் பேட்டையிலேயே இருந்தார்கள். அவர்கள் தொடங்கியதுதான் ‘அவசரகால உதவி அறைகள்’ என்ற பேட்டைத் தன்னார்வக் குழுக்கள். வெடிகுண்டில் சிக்கியவரை வெளியே கொண்டுவருவது, மருந்து தேடுவது, தண்ணீர்க் குழாயைப் பழுது பார்ப்பது என்று எல்லாம் செய்தாலும், மக்கள் மனத்தில் நின்றது சமையலறை. அங்கே அதற்குத் ‘தக்கியா’ என்று பெயர். சூஃபிகளின் மடத்தில் வழிப்போக்கருக்குச் சோறு போடும் வழக்கத்திலிருந்து வந்தது. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் ‘தைக்கா’ என்கிறோமே, அதே சொல்தான்.

வேலை எப்படி நடக்கும்? வெளியிலிருந்து பணம் பாங்கக்கில் வரும். பேட்டைக் கடையில் மொத்தமாகச் சோளமாவு, பருப்பு, எண்ணெய் வாங்குவார்கள். பருப்பு பெரும்பாலும் நம் மைசூர்ப் பருப்பு. மூன்று கல் வைத்து அண்டா ஏற்றி, ஒருவர் துடுப்புப் போட்டுக் கிண்ட, இன்னொருவர் நோட்டில் வீட்டுப் பெயரும் தலை எண்ணிக்கையும் குறிப்பார். சோளமாவில் கிண்டுவதற்கு அஸீதா என்று பெயர், நம் களிதான். குழந்தைகள் மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியோடு வந்து நிற்கும். வாளியில் வாங்கிக்கொண்டு உடனே வீட்டுக்கு. கூட்டம் கூடினால் குண்டு விழும் என்ற பயம். கடை பில்லையும் அண்டாவையும் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவதுதான் கணக்கு.

லாரிப் பகுதியில் சொன்ன அரைவைக் கூலியும் விறகும் நினைவிருக்கிறதா? இங்கே நூறு வீட்டுக்கு ஒரே அடுப்பு. விறகுக்கு ஒருவரும் ஊர் எல்லையைத் தாண்ட வேண்டாம். என் கணக்கில் இது பெரிய மிச்சம். வெளிநாட்டுச் சம்பளம், வாடகைக் கார், விசா எதுவும் கிடையாது. சோதனைச் சாவடியைத் தாண்டவும் வேண்டாம். சமைப்பவர் அந்தத் தெருக்காரர்.

குறை இல்லாமல் இல்லை. முதல் குறை, ஒரே தூணில் நின்ற கூரை. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமையலறைகள் மூடின. சில நாள் கடன் சொல்லிச் சமைத்தார்கள். கடைக்காரரும் எத்தனை நாள் தாங்குவார்? இரண்டாவது, ஆபத்து. இந்தப் பக்கம் உள்ளவன் எதிரியின் ஆள் என்று இரு தரப்புமே தன்னார்வலர்களைப் பிடித்திருக்கின்றன, பலர் கொல்லப்பட்டார்கள். ஆகவே, யார் சமைக்கிறார்கள் என்று முகம் தெரியும் படம் கேட்காதீர்கள். நன்கொடையாளருக்கு நன்றி சொல்லும் பேனர் கேட்கவே கேட்காதீர்கள். 2025இல் நார்வேயின் ராஃப்டோ மனித உரிமைப் பரிசு இவர்களுக்குக் கிடைத்தது, நல்லது; பெயர் வெளியே தெரிவது சில பேட்டைகளில் இப்போதும் வினைதான்.

மூன்றாவது குறைக்கு எல் ஃபாஷர்தான் சாட்சி. முற்றுகை இறுக இறுகச் சோளம் தீர்ந்தது. ‘அம்பாஸ்’ கொண்டு வந்து சமைத்தார்கள். கடலை ஆட்டிய பின் செக்கில் மிஞ்சும் புண்ணாக்கு, மாட்டுத் தீவனம். அதை ஊறவைத்து, காய்ச்சி, பிள்ளைகளுக்கு ஊற்றினார்கள். 2025 நடுவாக்கில் அதுவும் கிடைக்காமல் அடுப்புகள் அணைந்தன. உள்ளூரில் வாங்க ஏதாவது இருக்கும் வரைதான் தக்கியா. அதற்குப் பிறகு லாரி வர வேண்டும். வரவில்லை.

## சரி, 2 லட்சத்து 40 ஆயிரம்

ஆசிரியருக்கு நான் எழுதியது இது. ஒரு லட்சத்து 50 ஆயிரத்தைச் சமையலறைகளுக்கு வைத்து, ஆறு மாதத்துக்குப் பிரித்து 25 ஆயிரமாகக் கொடுங்கள். மொத்தமாகக் கொடுத்தால் ஒரு வாரம் கறிச்சோறு, பிறகு அணைந்த அடுப்பு என்றாகும். நேரே யாரோ ஒருவர் கணக்குக்கு அனுப்பாதீர்கள். மியூச்சுவல் எய்ட் சூடான் கோஅலிஷன் போல, பணத்தை வாங்கி அறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் இடைநிலை அமைப்புகள் இருக்கின்றன. மீதி 90 ஆயிரத்தை உலக உணவுத் திட்டத்துக்கோ அகதிகளுக்கான ஐ.நா. ஆணையத்துக்கோ கொடுங்கள். ‘இந்த முகாமுக்கு மட்டும்’ என்று நிபந்தனை போடாதீர்கள். பாதை நாளைக்கு எங்கே திறக்கும் என்று அவர்களுக்கே இன்று தெரியாது.

இந்தியாவிலிருந்து அனுப்பும் நடைமுறையையும் பாருங்கள். தனிநபர் வெளிநாட்டுக்கு நன்கொடை அனுப்ப ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் இடமுண்டு. குழுவாக, சங்கமாக அனுப்புவது வேறு கதை, ஆடிட்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள். வெளிநாட்டு அமைப்புக்கு நேராகக் கொடுத்தால் 80ஜி வரிச்சலுகை கிடையாது. சூடான் என்று படிவத்தில் பார்த்ததும் வங்கிக்காரர் நாலு கேள்வி கேட்பார். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள்.

ரியாத் தம்பிக்கு: கொடுத்துவிடு. சந்தை நடக்கிறதா, ரொக்கமாக்க எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று மட்டும் அவரிடம் கேள். முப்பது நாற்பது என்றால், கடைக்காரருக்குச் செயலியிலேயே கட்டிப் பொருளாக எடுக்கச் சொல்; பல ஊரில் அப்படித்தான் செய்கிறார்கள். முடிந்தால் அவர் தங்கச்சியிடம், பக்கத்துக் கூடாரத்தையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லச் சொல்.

யாருக்குக் கொடுப்பதாக இருந்தாலும் முதலில் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். எந்த ஊர், இந்த மாதம் அங்கே ஒரு படி சோளம் என்ன விலை, போன மாதம் என்ன விலை. நீங்கள் கொடுப்பது தானியமா, மாவா. தானியம் என்றால் அரைவைக் கூலி யார் தலையில் விழுகிறது. இந்தக் கடைசிக் கேள்வியை நான் இரண்டு பெரிய அமைப்புகளிடமும் ஒரு சின்னக் குழுவிடமும் கேட்டேன். பெரிய அமைப்புகளில் ஒன்று வருடாந்தர அறிக்கையின் இணைப்பை அனுப்பியது. இன்னொன்று பதிலே போடவில்லை. சின்னக் குழுவிலிருந்து ஒரு பெண் குரல் பதிவு அனுப்பினார், பின்னால் மில் ஓடும் சத்தத்தோடு: மூட்டைக்கு இவ்வளவு, டீசல் ஏறியதால் போன வாரத்திலிருந்து கொஞ்சம் கூட.